சோறு குறைந்தால் குழம்பும் மாற வேண்டும்

சர்க்கரை வந்துவிட்டது என்று தெரிந்ததும் நம் வீடுகளில் முதலில் மாறுவது இரவுச் சாப்பாடு. சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்குப் போய்விடுவார்கள். நடுத்தர அளவுச் சப்பாத்தி ஒன்றில் 15 முதல் 20 கிராம் வரை மாவுச்சத்து இருக்கிறது. மூன்று சாப்பிட்டால் 50 கிராம் ஆகிவிடும். வடித்த சோறு 100 கிராமில் இருப்பது சுமார் 28 கிராம். சப்பாத்தியில் நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல். மற்றபடி பெரிய லாபம் ஒன்றுமில்லை. மூன்று சப்பாத்தியைச் சாப்பிட்டுவிட்டு, 'சோற்றைத் தொட்டே மாசமாச்சு, சுகர் ஏன் குறையல?' என்று மருத்துவரிடம் கேட்பவர்கள் ஏராளம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருக்கிறது என்றது அது. நம் உணவில் கிடைக்கும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அதே ஆய்வின் தொடர்ச்சி 2025இல் சொன்னது. மீனிலோ மாவுச்சத்து அநேகமாகக் கிடையாது. 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம் வரை புரதம் கிடைக்கும். இறாலும் அப்படித்தான். கணவாயில் மட்டும் 3 கிராம் அளவுக்கு மாவுச்சத்து உண்டு, அது ஒரு பொருட்டில்லை.

அப்படியானால் சோற்றைக் குறைத்து மீனைக் கூட்டினால் வேலை முடிந்ததா? அங்கேதான் சிக்கல்.

குழம்பு யாருக்காக வைத்தது?

நம் மீன்குழம்பில் உப்பு, புளி, காரம் எல்லாமே சோற்றைக் கணக்கில் வைத்துப் போட்டவை. ஒரு தட்டுச் சோற்றுக்குச் சுவை ஏற்றுவதுதான் அதன் வேலை. மீன் துண்டு தொட்டுக்கொள்ள. அந்தக் குழம்பையே சோறில்லாமல் சாப்பிட்டால் நாக்கு எரியும், தாகம் எடுக்கும், இரண்டு துண்டு மீன் வயிற்றுக்கும் போதாது. பத்தரை மணிக்குப் பசித்து பிஸ்கட் டப்பாவைத் திறப்பதில் முடியும். சோற்றைக் குறைக்க நினைப்பவர்களில் பலர் தோற்பது மன உறுதி இல்லாததால் அல்ல, குழம்பை மாற்றாததால்தான் என்பேன்.

மாற்றுவது சுலபம். புளியையும் உப்பையும் பாதியாக்குங்கள், தண்ணீரைக் குறையுங்கள், மீனை இரட்டிப்பாக்குங்கள். சுத்தம் செய்த மீன் ஆளுக்கு 150 முதல் 200 கிராம் வரை இருந்தால்தான் அது சாப்பாடு.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கவும் வேண்டாம். குமரி மாவட்டத்தில் நெத்திலியிலும் சாளையிலும் அவியல் வைப்பார்கள். தேங்காய், சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், பச்சை மிளகாய், மஞ்சள் எல்லாவற்றையும் கொரகொரவென்று அரைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். நெத்திலியின் தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். அகலமான சட்டியில் மீன், அரைப்பு, புளிப்புக்கு நாலைந்து மாங்காய்த் துண்டு, அரை டம்ளர் தண்ணீர், அளவாக உப்பு. மூடிபோட்டுச் சிறுதீயில் ஏழெட்டு நிமிடம் வைத்தால் போதும். கரண்டி போடவே கூடாது. சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் அரைப்பு எல்லா மீனிலும் ஏறிவிடும். இறக்கும்போது ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும். இதைக் கிண்ணத்தில் போட்டு அப்படியே சாப்பிடலாம், சோற்றின் நினைப்பே வராது.

காயும் சேரட்டும்

இறாலும் சுரைக்காயும், இறாலும் பீர்க்கங்காயும், நெத்திலியும் முருங்கைக்காயும் நம் வீடுகளில் பழகிய ஜோடிகள். மாவுச்சத்து குறைந்த நீர்க்காய்கள் என்பதால் இரவுக்கு இவற்றைவிடப் பொருத்தமானவை இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சுரைக்காய் முக்கால் பதம் வெந்த பிறகே இறாலைப் போட வேண்டும். முதலிலேயே போட்டால் காய் வேகும்வரை இறால் சுருண்டு ரப்பராகிவிடும். கணவாயும் இப்படித்தான், ஒன்று, இரண்டு-மூன்று நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும்; அல்லது அரை மணி நேரத்துக்கு மேல் வேகவிட வேண்டும்.

சுறாப்புட்டின் பக்குவத்தை அப்படியே விராலுக்கோ பாறைக்கோ பயன்படுத்தலாம். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தவிர்ப்பது நல்லது. பால் சுறாவைத் தேடித் தேடிப் பிள்ளை பெற்றவளுக்குச் சமைத்துப் போடும் ஊரில் இதைச் சொன்னால் பாட்டிகள் கோபிப்பார்கள், தெரியும். மத்தி, அயிலை, நெத்திலி போன்ற சிறுமீன்களில் பாதரசம் குறைவு, ஒமேகா 3 கொழுப்பு அதிகம், விலையும் கம்மி.

வறுவல் வேண்டும் என்பவர்கள் கடை வறுவலை மறந்துவிடுங்கள். அதில் மைதா, சோளமாவு, அரிசிமாவு என்று எல்லாம் இருக்கும். வீட்டில் மசாலா பிடிக்க முட்டையின் வெள்ளைக்கருவே போதும். தோசைக்கல்லில் மீன் தானாக விட்டுக்கொடுக்கும்வரை புரட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சோற்றை அடியோடு விட முடியாதவர்களுக்கு

விட வேண்டியதில்லை. வரிசையை மாற்றலாம். மீனைச் சாப்பிட்டுக் கால் மணி நேரம் கழித்துச் சோறு சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என்று ஜப்பான் ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். இரைப்பையிலிருந்து உணவு மெதுவாக இறங்குவதே முக்கியக் காரணம். மீனையும் காயையும் முதலில் முடித்துவிட்டு, கடைசியில் ஒரு கரண்டிச் சோற்றை ரசத்தோடு சாப்பிடுங்கள்.

மாத்திரை போடுபவர்கள் கவனத்துக்கு

இந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் மருந்தின் அளவை மாற்றாமல் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால், நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து வியர்த்துக் கொட்டி மயக்கம் வரலாம். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகும் ஆபத்து உண்டு. சோதனையில் சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே இது நடக்கலாம் என்பதுதான் பயங்கரம். மருத்துவரிடம் சொல்லிவிட்டே ஆரம்பியுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரத அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்குபவர்களுக்கு மத்தியும் நெத்திலியும் இறாலும் ஒத்துக்கொள்ளாது. இரத்த அழுத்தக்காரர்களுக்குக் கருவாடு வேண்டாம்.

வாங்கும்போது

செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, அழுத்தினால் குழி விழாமல் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அயிலை, மத்தி, சூரை மூன்றுக்கும் இன்னொன்று உண்டு. வெயிலில் கிடந்தால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் உருவாகிறது, எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலித்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஐஸில் வைத்திருக்கும் கடையில் வாங்கி, நேரே வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடை என்பதால் வஞ்சரத்தின் விலை எகிறும். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் சிறுமீன் அப்போதும் கிடைக்கும். அதுவும் வராத நாளில் குளத்து விரால் இருக்கிறது. புட்டுக்கு அது கடல்மீனுக்குச் சளைத்ததில்லை.