சாரல் வருமுன் குளத்தைச் சீர் செய்வோம்

தென்காசி வட்டாரத்து உழவர்கள் இரு பருவமழைகளின் பயனையும் பெறுபவர்கள். ஆனி, ஆடி மாதங்களில் மலையில் பொழியும் சாரல் குற்றால அருவிகளை நிறைத்துச் சிற்றாறாகப் பெருகுகிறது. கார் சாகுபடிக்கு அதுவே ஆதாரம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை பிசானப் பயிரை வளர்க்கிறது. சிற்றாறு தாமிரபரணியில் கலக்குமுன், அதன் அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்கள் வழியிலுள்ள குளங்களை நிரப்புகின்றன.

இவ்வொழுங்கை இனி முழுதும் நம்பியிருத்தல் இயலாது. காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியசு உயர்ந்தால், அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. ஆகவே பெய்யும் மழை குறுகிய நேரத்தில் கொட்டுகிறது; இடையே வறண்ட நாட்கள் நீள்கின்றன. 2024 மே 17 அன்று, சாரல் தொடங்குமுன்னரே பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து ஒரு மாணவரின் உயிரைக் கொண்டு சென்றது. அவ்வாண்டு டிசம்பரிலும் பேரருவியில் வெள்ளம் பெருக்கெடுத்தது. ஒரு வெள்ளத்தைக் கொண்டு முடிவு கட்டலாகாது. எனினும் ஆயத்தமின்றி இருத்தலும் ஆகாது.

நம் அணைகள் சிறியவை. குண்டாறு அணையின் உயரம் 36 அடியே. சில நாள் மழையில் அது நிரம்பிவிடும். மிஞ்சும் நீரை ஏற்க வேண்டியவை நம் குளங்கள்தாம். அவற்றில் மூன்று பணிகள் முதன்மையானவை.

முதலாவது, வரத்துக்கால். குளம் ஆழமாயிருந்தும், கால் அடைபட்டிருந்தால் வெள்ளம் குளத்துக்கு வராமல் வீணே கடலுக்குச் செல்லும். முட்செடிகளையும் ஆக்கிரமிப்பையும் அகற்றல் வேண்டும்.

இரண்டாவது, வண்டல். அறிவிக்கப்பட்ட குளங்களில், வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று விவசாயிகள் கட்டணமின்றி வண்டல் எடுக்க 2024-இல் அரசு வழி செய்தது. இதனால் குளமும் ஆழமாகும். வயலும் வளம் பெறும். ஆனால் கரையை ஒட்டித் தோண்டலாகாது; கரை வலுவிழக்கும்.

மூன்றாவது, மறுகால். கூடுதல் நீர் தேக்கும் ஆவலில் மறுகாலில் மணல் மூட்டை அடுக்குவோர் உண்டு. ஓரிரவுக் கனமழையில் கரை உடைந்தால், மேலூருக்கு நீர் இராது. கீழூருக்குப் பயிர் இராது. மேற்குளத்தின் மறுகால் நீரே கீழ்க்குளத்தின் வரத்து என்பதை இரு ஊராட்சிகளும் மனத்திற் கொண்டு, கூடிப் பேசி முடிவு செய்தல் நன்று.

தேக்கிய நீரைச் சிக்கனமாகச் செலவிடுதலும் கடமையே. நெல் வயலில் எப்பொழுதும் நீர் நிற்க வேண்டுவதில்லை. திருந்திய நெல் சாகுபடியில், கட்டிய நீர் மறைந்து மண்ணில் மயிரிழை வெடிப்பு தோன்றிய பின் 2.5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மீண்டும் நீர் கட்டினால் போதும். தோட்டப் பயிர்களுக்குச் சொட்டு நீர்ப்பாசனம் ஏற்றது.

40 எக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும், பெரியவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் உள்ளன. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையிலேயே குளவாரியாகப் பணிகளைப் பட்டியலிட்டுத் தீர்மானம் நிறைவேற்றுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மே மாதத்துக்குள் வேலை முடிந்தால்தான், சூன் மாதச் சாரலின் முதல் வெள்ளமே நம் குளத்தில் தங்கும்.