கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு

ஆர்சனிக் மேற்கு வங்கத்துக் கங்கைச் சமவெளியை வாட்டும் நஞ்சு. ஆனால் விருதுநகர் மாவட்டத்தில் காரியாபட்டி, திருச்சுழிப் பக்கம் பாறையில் இறங்கும் போர்வெல்களில் முதலில் தேட வேண்டியது உப்பையும் ஃபுளோரைடையும்தான். எது இருக்கிறதென்று தெரியாமல் வடிகட்டி வாங்குவது வீண்செலவு. ஆர்சனிக்கும் ஃபுளோரைடும் நிறமோ ருசியோ காட்டா. குடத்துத் தண்ணீர் பளிங்காகவே தெரியும். கொதிக்க வைத்தால் ஆவி போய் நஞ்சு இன்னும் செறியும். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் தலப்பில் பிரதீப் குழுவின் ‘அம்ரித்’ வடிகட்டியில் இரும்புச் சேர்மம் ஆர்சனிக்கைப் பிடித்துக்கொள்கிறது. ஃபுளோரைடுக்கோ படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து தெளிய வைக்கும் நல்கொண்டா முறை உண்டு.

ஆர்.ஓ. எல்லாவற்றையும் நீக்குமே என்பார்கள். உப்பு மிகுந்த கிணற்றுக்கு அது தேவைதான். ஆனால் அது கழித்துக் கொட்டும் தண்ணீர் மானாவாரிச் சீமைக்குப் பெரிய இழப்பு. வங்கத்தில் அடிபம்புகளில் பொருத்திய ஆர்சனிக் வடிகட்டிகள் பல, பராமரிக்க ஆளில்லாமல் பாழாயின. ஊராட்சி முதலில் பரிசோதனைக்கும் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கட்டும். கருவி பிறகு வரட்டும்.