மொட்டைக் கடுதாசி எழுதிய இடக்கை



நினைவுச் சொற்பொழிவில் ஒரு பிரெஞ்சு சாகச நாவலின் வில்லனைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். அலெக்சாண்டர் டூமாவின் ‘மான்டி கிறிஸ்டோ பிரபு’ பள்ளி வயதில் சுருக்கப் பதிப்பாகப் படித்துவிட்டு மறக்கப்படும் கதை. சிறை, தப்பித்தல், புதையல், பழிவாங்கல் என்று நான்கு சொற்களில் அதை அடக்கிவிடுவார்கள். நாம் அந்த நான்குக்கும் முன்னால் நடப்பதைப் பார்ப்போம். ஒரு மனிதனை ஒழித்துக்கட்டும் சதி எப்படி வேலை செய்கிறது என்று இந்த நாவல் அளவுக்குப் பிரித்துக் காட்டிய கதைகள் குறைவு.

1815 பிப்ரவரி 24. மார்செய் துறைமுகத்துக்கு ‘ஃபரவோன்’ என்ற கப்பல் வருகிறது. வழியில் கேப்டன் இறந்துவிட்டதால், கப்பலைப் பத்திரமாகக் கொண்டுவந்தவன் எட்மன் டான்டேஸ். வயது 19. ஏழைத் தகப்பனின் ஒரே பிள்ளை. முதலாளி மொரேல் அவனையே அடுத்த கேப்டன் ஆக்க நினைக்கிறார். அதே கப்பலில் சரக்குக்கும் கணக்குக்கும் பொறுப்பானவன் டாங்ளார். இருபத்தைந்தைத் தாண்டிய வயது. மேலே இருப்பவர்களிடம் பணிவு, கீழே இருப்பவர்களிடம் கடுமை. நேற்று வந்த பையன் தன் தலைக்கு மேலே போகிறானே என்பதுதான் அவனுடைய ஒரே காரணம். டான்டேஸ் அவனுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. கணக்காளனாக அவனே தொடரட்டும் என்றுகூட முதலாளியிடம் சொல்லியிருக்கிறான்.

டாங்ளார் எப்படி ஆரம்பிக்கிறான்? திட்டிப் பேசுவதில்லை. அக்கறையோடு பேசுகிறான். எல்பா தீவில் நின்றதில் ஒன்றரை நாள் வீணாகிவிட்டது என்று முதலாளியின் காதில் போடுகிறான். எல்பாவில் அப்போது நெப்போலியன் நாடுகடத்தப்பட்டு இருக்கிறான். பிரான்சில் மன்னராட்சி திரும்பிவிட்டது. அந்தத் தீவோடு தொடர்பு என்றாலே ராஜத்துரோகம். சாகும்போது கேப்டன் ஒப்படைத்த பொட்டலத்தைக் கொடுக்கத்தான் டான்டேஸ் அங்கே இறங்கினான். திரும்பும்போது பாரிசுக்கு ஒரு கடிதம் அவன் கையில் கொடுக்கப்படுகிறது. அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

அடுத்த காட்சி ஒரு மதுக்கடை. மேசையில் மூன்று பேர். டாங்ளார், டான்டேஸ் மணக்கப்போகும் மெர்சிடிசை விரும்பும் ஃபெர்னான், குடித்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரன் கேடருஸ். நேரே போய்ப் புகார் சொன்னால் கையெழுத்துப் போடவேண்டி வரும், உள்ளே போனவன் என்றைக்காவது வெளியே வந்து கையெழுத்துப் போட்டவனைத் தேடுவான் என்று டாங்ளார் விளக்குகிறான். பிறகு காகிதமும் மையும் கேட்டு வாங்குகிறான். எழுத்து பிடிபடாமல் இருக்க இடக்கையால் எழுதுகிறான். நம் பேச்சில் அதற்குப் பெயர் மொட்டைக் கடுதாசி.

அதற்குப் பிறகு அவன் செய்வதுதான் முக்கியம். இது சும்மா வேடிக்கை என்று சொல்லி அந்தத் தாளைக் கசக்கி மூலையில் எறிகிறான். எழுந்து போய்விடுகிறான். எடுத்து அனுப்புகிறவன் ஃபெர்னான். எழுதியவன் அனுப்பவில்லை, அனுப்பியவன் எழுதவில்லை, பார்த்தவனோ போதையில் இருந்தான். மறுநாள் கேடருசுக்குப் போதை தெளிகிறது, உண்மையும் தெரிகிறது. பேச வாயெடுக்கிறான். நீயும் கூட்டாளி ஆகிவிடுவாய் என்று டாங்ளார் பயம் காட்டியதும் அடங்கிப்போகிறான். நிச்சயதார்த்த விருந்தில் உட்கார்ந்திருந்த டான்டேசைப் போலீஸ் கொண்டுபோகிறது.

அரசு வேலைக்குப் போன நம் வீட்டு முதல் தலைமுறைக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. பதவி உயர்வுப் பட்டியல் வெளிவரும் வாரத்தில் மேலதிகாரிக்கு வந்து சேரும் பெயரில்லாத கடிதத்தை அவர்கள் அறிவார்கள். யார் எழுதியது என்று கேட்டால் அறையில் இருக்கும் எல்லோரும் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

ஆனால் மொட்டைக் கடுதாசி தானாக யாரையும் சிறையில் போடாது. அதற்கு ஓர் அலுவலகம் வேண்டும். டான்டேசை விசாரிக்கும் அரசு வழக்கறிஞர் வில்ஃபோர் அவன் குற்றமற்றவன் என்று கண்டுகொள்கிறார். விட்டுவிடவும் நினைக்கிறார். அப்போதுதான் அந்த எல்பா கடிதம் தன் சொந்தத் தகப்பனுக்கு எழுதப்பட்டது என்று தெரிகிறது. தன் பதவிக்கு ஆபத்து. கடிதத்தை எரிக்கிறார், இளைஞனை வழக்கு, தீர்ப்பு எதுவும் இல்லாமல் கடலுக்கு நடுவே உள்ள ஷாட்டோ டீஃப் கோட்டைக்கு அனுப்புகிறார். அவருக்கு டான்டேஸ் மேல் பகையே கிடையாது. பகை இல்லாதவரின் பேனா, பகைத்தவனின் பேனாவைவிட அதிகம் செய்துவிடுகிறது.

பின்பு காகிதங்கள் மட்டுமே பேசுகின்றன. நெப்போலியன் சிறிது காலம் ஆட்சிக்குத் திரும்பும்போது மொரேல் மனுக் கொடுக்கிறார். வில்ஃபோரே வாசகம் சொல்லிக் கொடுத்து, டான்டேஸ் நெப்போலியனுக்குச் செய்த சேவை என்று மிகைப்படுத்தி எழுதவைத்து, அனுப்பாமல் வைத்துக்கொள்கிறார். மன்னராட்சி மீண்டதும் அந்த மனுவே சாட்சியாகிவிடுகிறது. சிறையைப் பார்வையிட வரும் அதிகாரி கைதியின் கதையைக் கேட்டு இரங்குகிறார். பதிவேட்டைத் திறக்கிறார். ஆபத்தானவன் என்று எழுதியிருக்கிறது. செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கீழே குறித்துவிட்டுப் போகிறார். பதினான்கு ஆண்டுகள். வெளியே தகப்பன் பட்டினியில் சாகிறார்.

டாங்ளாரோ ராணுவத்துக்குச் சரக்குக் கொடுத்துப் பணம் சேர்த்து, வங்கி முதலாளியாகி, பிரபுப் பட்டமும் பெறுகிறான். ஃபெர்னானும் பிரபு. வில்ஃபோர் பாரிசில் தலைமை அரசு வழக்கறிஞர். சதி அவர்களுக்கு ஓர் இரவு வேலை; அதன் பலன் வாழ்நாள் சொத்து.

இப்போது இதை எழுதிய கையைப் பார்ப்போம். டூமாவின் தகப்பன் 1762இல் இன்றைய ஹெய்ட்டியில் பிறந்தவர். தாய் மேரி செசெத், ஆப்பிரிக்க வம்சத்து அடிமைப் பெண். தகப்பன் பிரெஞ்சுப் பிரபு. ஊர் திரும்பக் கப்பல் கட்டணம் வேண்டுமென்று அந்தப் பிரபு தன் மகனையே, பிறகு மீட்டுக்கொள்ளும் நிபந்தனையோடு, விற்றார். அந்தச் சிறுவன்தான் புரட்சிக் காலத்தில் பிரெஞ்சு ராணுவத்தின் ஜெனரலானவர். எகிப்திலிருந்து திரும்பும் வழியில் இத்தாலியின் தென்கோடியில் பிடிபட்டு இரண்டு ஆண்டு சிறையில் கிடந்து உடல் குலைந்து 1801இல் விடுதலையானார். 1802இல் நெப்போலியன் குடியேற்றங்களில் அடிமைமுறையை மீட்டான். 1806இல் ஜெனரல் இறந்தார். மனைவிக்கு ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. அப்போது மகனுக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை. ஒரு கோப்பு மனிதனை என்ன செய்யும் என்பதை டூமா கற்பனையில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

நாவல் 1844 முதல் 1846 வரை பாரிஸ் நாளிதழ் ஒன்றில், ஓகுஸ்ட் மகேயின் ஒத்துழைப்போடு, தொடராக வந்தது. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை அப்போதும் சட்டப்படி இருந்தது. 1848இல்தான் அது முடிவாக ஒழிந்தது. அந்த வாசகர்கள் முன்னே டூமா ஒரு காட்சியை வைக்கிறார். பிரபுக்கள் சபை. ஃபெர்னான் மீது குற்றச்சாட்டு. அவன் காட்டிக்கொடுத்த யானினா ஆட்சியாளர் அலி பாஷாவின் மகள் ஹெய்டி உள்ளே வருகிறாள். நான்கு வயதில் அவளைத் தாயோடு அடிமை வியாபாரிக்கு விற்றவன் அவன். தன் பிறப்புச் சான்றையும், தான் விற்கப்பட்டதற்கான பத்திரத்தையும் அவள் சபையில் வைக்கிறாள். பத்திரம் உரக்கப் படிக்கப்படுகிறது. விலையும் அதில் இருக்கிறது. விற்கப்பட்டவளே விற்பனைச் சீட்டைக் கொண்டுவந்து விற்றவனைச் சபையில் நிறுத்துகிறாள். இந்தப் பெரிய நாவலில் நம்மை நிமிர்ந்து உட்காரவைக்கும் பக்கங்கள் இவை.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஹெய்டியை விலைக்கு வாங்கி வைத்திருப்பவன் நம் நாயகன்தான். அவள் அவனை எஜமானன் என்றே அழைக்கிறாள். அலி என்ற நூபிய ஊமை அடிமையும் அவனிடம் உண்டு. அலியின் நாக்கு அறுக்கப்படும்வரை காத்திருந்து அதற்குப் பிறகே உயிரை விலைபேசியதை நாயகன் சாதாரணமாகச் சொல்கிறான். அடிமைப் பெண்ணின் பேரன் எழுதியதாயிற்றே என்று நாம் இதை மூடிவைக்க முடியாது. ஒடுக்கப்பட்டவனுக்குப் புதையல் கிடைத்தால் அவனும் ஆண்டையாகிவிடலாம். நாவல் தெரிந்தோ தெரியாமலோ அதையும் பதிவு செய்திருக்கிறது.

டாங்ளாரின் முடிவைப் பலர் வாசித்து ஏமாறுவார்கள். ஃபெர்னான் தற்கொலை செய்துகொள்கிறான், வில்ஃபோருக்குப் புத்தி பேதலிக்கிறது, கேடருஸ் கொலையாகிறான். எல்லாவற்றையும் தொடங்கிய டாங்ளாருக்கு மட்டும் மன்னிப்பு. ரோமில் கொள்ளையர் குகையில் ஒரு கோழிக்கு ஒரு லட்சம் ஃபிராங்க் கொடுத்து, பசியை அறிந்து, தலை முழுக்க நரைத்து வெளியே வருகிறான். அதற்குள் நாயகனின் பழிவாங்கலில் வில்ஃபோரின் சிறு பிள்ளை ஒன்று செத்திருக்கிறது. அந்தப் பிணத்தைப் பார்த்தபின் அவனுக்குக் கை நடுங்குகிறது. மறைவில் இருந்து செய்யும் சதிக்கு மறைவில் இருந்து செய்யும் பழி மருந்தாகாது என்று நாம் இதை வாசிக்கிறோம். புதையலும் மாறுவேடமும் இல்லாதவர்களுக்கு அந்த வழி எப்படியும் திறப்பதில்லை.

திறந்திருப்பது ஹெய்டியின் வழி. பெயர் சொல்லி, ஆவணம் வைத்து, சபை நடுவே பேசுவது. நம் எழுத்து இதுவரை செய்துவந்ததும் அதைத்தான்.

கடைசியாக ஒன்று. 1786இல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தபோது டூமாவின் தகப்பன் பிரபுக் குடும்பத்தின் பெயரை விட்டுவிட்டுத் தாயின் பெயரைப் பதிவேட்டில் எழுதினார். டாங்ளாரின் கடிதத்தில் பெயர் இல்லை. அவனுடைய கதையைச் சொன்ன புத்தகத்தின் அட்டையில் இருப்பது ஓர் அடிமைத் தாயின் பெயர்.