கல்லுப்பள்ளிகள்: இடிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல். அன்றாடம் நாம் புழங்கும் இந்தச் சொற்கள் நான்குமே தமிழ். அரபியில் இவற்றுக்குச் சொல் இல்லாமலா போயிற்று? இருந்தும் நம் முன்னோர் ஊரில் இருந்த சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். அதிலும் 'பள்ளி' பழைய சொல். சமணரும் பௌத்தரும் தங்கள் வழிபாட்டிடங்களுக்கு வைத்திருந்த பெயர் அது. சொல்லை எடுத்துக்கொண்ட விதமாகவே கட்டடக் கலையையும் எடுத்துக்கொண்டார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும், கடற்கரையையொட்டிய இன்னும் சில ஊர்களிலும் இன்றும் நிற்கும் கல்லுப்பள்ளிகள் அதற்குச் சான்று.

வெளியூர் விருந்தாளி ஒருவரை அப்படி ஒரு பள்ளிக்குள் அழைத்துப் போனால், 'கோயில் மண்டபம் போல இருக்கிறதே' என்பதுதான் அவர் வாயில் முதலில் வரும். அது சரியான பேச்சுத்தான். குப்பாவும் மினாராவும் இருந்தால்தான் பள்ளி என்று நினைப்பது பிற்காலத்துப் பழக்கம். பழைய கல்லுப்பள்ளிக்குத் தட்டையான கல் கூரை, உயரமான கல் மேடை, உள்ளே வரிசை வரிசையாகத் தூண்கள், அவ்வளவுதான். பல ஊர்களில் முகப்பில் தெரியும் மினாராக்கள் பின்னால் வந்து சேர்ந்தவை.

இந்தக் கரையில் நம் மக்கள் குடியேறி வாழ்ந்ததற்கு வெளிநாட்டார் எழுதிய சாட்சியங்களும் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டின் காயல் துறைமுகத்தையும் அரபு நாட்டிலிருந்து அங்கு வந்திறங்கிய குதிரைகளையும் விவரித்திருக்கிறார். 14ஆம் நூற்றாண்டில், மதுரையில் சுல்தான்கள் ஆண்ட காலத்தில், இப்னு பதூதா இங்கே வந்தார். 'ஃபத்தன்' என்று அவர் குறிப்பிடும் துறைமுகத்தில் கல்லால் கட்டிய அழகான பள்ளி ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். பட்டினம் என்பதுதான் அவர் வாயில் ஃபத்தன் ஆகியிருக்க வேண்டும். ஆக, ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையில் கல்லுப்பள்ளி இருந்திருக்கிறது.

இதே காலத்தில் மலபாரில் நம் சகோதரர்கள் கட்டிய பள்ளிகள் வேறு மாதிரி. கோழிக்கோட்டு மிஷ்கால் பள்ளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மரம், சரிந்த ஓட்டுக்கூரை, அடுக்கடுக்கான மாடி. அங்கே மழை அதிகம், நல்ல மரமும் உண்டு, தச்சர்கள் கெட்டிக்காரர்கள். இங்கே மழை குறைவு, கல் உண்டு, கல்தச்சர்கள் கெட்டிக்காரர்கள். சென்னைத் திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளியும் கருங்கல்தான். ஆனால் அது ஆற்காட்டு நவாபுகளின் வடநாட்டுப் பாணி. நாம் இங்கே பேசும் மரபு அதற்கு முந்தியது, வேறானது.

கீழக்கரை ஜாமிஆ பள்ளியை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதைக் கட்டியவராகச் சொல்லப்படுபவர் வள்ளல் சீதக்காதி என்ற ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர். 'செத்தும் கொடுத்த சீதக்காதி' என்று ஊர் உலகம் சொல்லும் அதே பெருமகன்தான். அவர் கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய நண்பர், சதக்கத்துல்லாஹ் அப்பாவின் மேல் பெரும் பற்றுடையவர், உமறுப் புலவரின் சீறாப்புராணம் உருவாகத் துணை நின்றவர். சேது நாட்டில் கோயில் திருப்பணிகள் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த மரபில் பயின்ற சிற்பிகளின் கைத்திறன் பள்ளியின் தூண்களில் தெளிவாகத் தெரிகிறது.

ஒரு தூணின் அருகில் நின்று கீழிருந்து மேலாகப் பாருங்கள். அடியில் சதுரம். அதற்கு மேல் எட்டுப்பட்டை. மறுபடி சதுரம். உச்சியில், உத்திரத்தைத் தாங்குவதற்காக இருபுறமும் கை நீட்டியது போன்ற கல். இதற்குப் போதிகை என்று பெயர். போதிகையின் நுனியில் பூமொட்டு ஒன்று தலைகீழாகத் தொங்கும். கோயில் தூணில் தெய்வ உருவமோ யாளியோ இருக்கும் சதுரப் பகுதியில் இங்கே பூவும் கொடியும் பின்னல் கோலமும் இருக்கும். உருவம் செதுக்கியே பழகிய கைக்கு உருவமே இல்லாமல் ஒரு மண்டபம் முழுக்கச் செய் என்று சொன்னால் என்ன செய்யும்? பூவின் இதழ்களை ஒன்றுக்கொன்று மாறுபடச் செதுக்கிக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்துத் தூண்களிலுள்ள இரண்டு பூக்களை ஒப்பிட்டுப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

தூண்கள் ஏன் இத்தனை நெருக்கமாக நிற்கின்றன என்று கேட்பவர்கள் உண்டு. கல் பாரத்தைத் தாங்கும், ஆனால் வளையாது. நீளமான கல் பலகையை இரு முனையில் மட்டும் தாங்க வைத்தால் நடுவில் விரிசல் விடும். ஆகவே சில அடிக்கு ஒரு தூண் தேவைப்படுகிறது. தூண் மேல் போதிகை, போதிகை மேல் உத்திரம், உத்திரம் மேல் பலகைக்கல் என்று ஒன்றின் பாரம் மற்றொன்றை அழுத்திப் பிடித்து நிற்கிறது. நடுவிலே ஒரு தூணை எடுத்தால் மேலே இருப்பது முழுதும் ஆட்டம் காணும். 'இடைஞ்சலாக இருக்கும் இரண்டு தூணை மட்டும் எடுத்துவிடலாம்' என்று சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

தூண் சஃப்பை முறிக்கிறது என்பது நியாயமான கவலைதான். பள்ளியை இடித்துக் கட்டப் பல ஊர்களில் முதலில் சொல்லப்படும் காரணமும் இதுதான். ஆனால் பழைய பள்ளிகளில் தூண்கள் கிப்லாச் சுவருக்கு இணையாக வரிசை பிடித்து நிற்கின்றன. இரண்டு வரிசைகளுக்கு நடுவே உள்ள வெளியில் சஃப்பை அமைத்தால் அணி முறியாது. இட நெருக்கடி இருக்கும் ஜும்ஆ நாளில் மட்டும்தான் சிக்கல் வரும். அதற்கு உள்பள்ளியை அப்படியே வைத்துக்கொண்டு வெளிப்பள்ளியையோ பக்கவாட்டையோ விரிவாக்கலாம். பெண்களுக்குத் தனி இடம், ஒளூச் செய்ய வசதி, முதியோருக்குச் சாய்தளம், இவையெல்லாம் வேண்டியவையே. இவற்றில் எதற்காகவும் உள்பள்ளித் தூணில் கை வைக்கத் தேவையில்லை.

இடிப்பது ஒரு வகைச் சேதம். அதைவிட மெதுவாக, நல்லெண்ணத்தோடு நடக்கும் சேதம் ஒன்றும் இருக்கிறது. பெருநாள் வருகிறதென்றால் பெயின்ட் அடிப்போம். ஆண்டுக்கு ஒரு பூச்சாக எனாமல் ஏறி, பூவிதழ்களின் இடுக்கெல்லாம் அடைபட்டுத் தூண் மொழுமொழுவென்று ஆகிவிடுகிறது. நம் தாத்தாக்கள் சுண்ணாம்புதான் அடித்தார்கள். சுண்ணாம்பு கல்லின் ஈரத்தை வெளியே விடும். எனாமலும் சிமெண்ட் பூச்சும் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். கடலோரத்து உப்பு அந்த ஈரத்தோடு சேர்ந்து கல்லை உள்ளிருந்தே உதிர்க்கும். சுவர் பொரிந்து விழுவதைப் பார்த்து மேலும் சிமெண்ட் பூசுகிறோம், மேலும் பொரிகிறது. ஏறிப்போன பெயின்டை எடுக்கிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடிப்பது இன்னும் மோசம். பெயின்டோடு செதுக்கலும் எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

கூரை ஒழுகுவதும் இப்படித்தான். பழைய கூரையில் பலகைக்கல்லின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் இருக்கும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் போட்டார்கள். அந்தத் தளம் தேய்ந்தால் அதே முறையில் புதுப்பிக்க வேண்டும். அதன் மேலேயே கான்கிரீட் போட்டால் பாரம் கூடுகிறது, ஒழுக்கும் நிற்பதில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அறவே இல்லாமல் போய்விடவில்லை. பழைய வீடுகளையும் கோயில்களையும் பழுது பார்ப்பவர்களிடம் விசாரித்தால் ஆள் கிடைக்கும். கூலி கொஞ்சம் கூடுதலாகும், நாளும் பிடிக்கும்.

தரைக்கு வருவோம். தெருவில் சாலை போடும்போதெல்லாம் அது ஒரு அரையடி உயர்கிறது. மழைத் தண்ணீர் பள்ளிக்குள் வருகிறது. நாமும் தரையை உயர்த்தி டைல்ஸ் ஒட்டுகிறோம். விளைவு, தூணின் அடிச் சதுரம் தரைக்குள் போய்விட்டது. மேடையில் கல்வெட்டு இருந்தால் அதுவும் போயிற்று. சில ஊர்களில் முன்னோர் ஏறி வந்த படிக்கட்டில் இப்போது இறங்கித்தான் போக வேண்டும். சுற்றிலும் வடிகால் அமைப்பதும், புதுச் சாலை போடும் முன் பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுக்கும்படி நகராட்சியிடமோ பஞ்சாயத்திடமோ ஜமாஅத் சார்பில் எழுதிக் கொடுப்பதும்தான் இதற்கு வழி.

கல்வெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளிச் சுவரிலும் மேடையிலும் தமிழ் எழுத்து இருக்கலாம். மையவாடியில் மீஸான் கற்களில் அரபு எழுத்து இருக்கலாம். நிலம் யார் கொடுத்தது, எந்த வரி தள்ளுபடி ஆனது, யார் எந்த ஆண்டில் அடங்கினார் என்ற செய்திகள் அவற்றில் இருக்கும். மதுரை கோரிப்பாளையம் தர்காவில் உள்ள நாயக்கர் காலக் கல்வெட்டு, பாண்டியர் காலத்துக் கொடையை உறுதிப்படுத்துகிறது. ஒரு கல் இல்லாவிட்டால் அந்தக் கொடைக்கு நாம் எதைக் காட்டுவோம்? வக்ஃபு நிலங்களுக்கு ஆவணம் தேடி அலையும் இன்றைய நாளில் இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

எழுத்து தேய்ந்து தெரியாவிட்டால் சுரண்டாதீர்கள், சாக்பீஸாலும் வரையாதீர்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் சுவரையொட்டிப் பிடித்துப் படம் எடுங்கள். பகலில் கண்ணுக்கே படாத எழுத்து நிழல் விழுந்து எழும்பி நிற்கும். நாலு பக்கமும் டார்ச்சை மாற்றி மாற்றிப் பிடித்து நான்கு படம் எடுத்தால் போதும். கல்லூரி வரலாற்றுத் துறையினரும் தொல்லியல் ஆர்வலர்களும் அந்தப் படத்தை வைத்தே பெரும்பாலும் படித்துவிடுவார்கள். மீஸான் கல்லில் ஹிஜ்ரி ஆண்டு மட்டும் இருந்தால் குழம்ப வேண்டாம். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. அதனால் 33 ஹிஜ்ரி ஆண்டுகள் 32 ஆங்கில ஆண்டுகளுக்குச் சமம். ஹிஜ்ரி 1100 என்றால் அது 1688, 1689 வாக்கில் வரும்.

உங்கள் மஹல்லாவில் பள்ளி விரிவாக்கம் பற்றிப் பேச்சு நடக்கிறதென்றால், வரைபடம் போடும் முன் மூன்று காரியம் செய்து வையுங்கள். ஒவ்வொரு தூணையும் எண்ணிட்டுப் படம் எடுங்கள். எழுத்துள்ள கல் எங்கெங்கே இருக்கிறது என்று குறியுங்கள். 70 வயதைத் தாண்டிய பெரியவர்களிடம், எந்தப் பகுதி எப்போது கட்டப்பட்டது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெண்களையும் விட்டுவிடாமல் கேளுங்கள். கந்தூரி, மவ்லிது, நோன்புக் கஞ்சி நாட்களில் பள்ளியின் எந்த மூலையில் என்ன நடந்தது என்பது அவர்களுக்குத்தான் நன்றாக நினைவிருக்கும். கழற்ற வேண்டிய கட்டாயம் வந்த கற்களை ஜல்லிக்கு விற்றுவிடாமல், எண்ணைக் கல்லின் அடியில் எழுதி, மையவாடி ஓரத்தில் நிழலில் அடுக்கி வையுங்கள்.