நீரினுள் ஒளியும் நிழற்படமும்

இலட்சத்தீவுகளின் பவழத்திட்டுகள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வெப்பம் மிகுந்தமையால் வெளிறின. இத்தகைய கேட்டை மதிப்பிட நிழற்படம் சிறந்த சான்றாகும். ஆயின் நீர் ஒளியை மாற்றும் இயல்பை அறியாது எடுத்த படம் பொய்ச்சான்றாகிவிடும்.

முதலாவது, நிறம். நீர் சிவப்பொளியை விரைவில் உறிஞ்சுகிறது. தெளிந்த கடலிலும் ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்திற்குள் அதன் பெரும்பகுதி மறைந்து நீலம் மிஞ்சும். எனவே வெளிறிய பவழமும் இளம்பழுப்புப் பவழமும் படத்தில் ஒரே நீலச்சாயல் பெறக்கூடும். பவழத்தினருகே வெண்பலகையொன்றை வைத்துப் படமெடுத்தால் நிறத்தை ஒப்பிட்டறியலாம்.

இரண்டாவது, அளவு. நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33. ஆதலின் தட்டைக் கண்ணாடி வழியே நோக்கும்போது, 4 மீட்டரிலுள்ள பொருள் 3 மீட்டரில் உள்ளதுபோல் பெரிதாகத் தோன்றும். பலகையில் அளவுக்கோடுகள் இருத்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, சிதறல். மிதக்கும் நுண்துகள்கள் விளக்கொளியைத் திருப்பியனுப்ப, படத்தில் வெண்புள்ளிகள் பரவும். விளக்கைக் கருவியை ஒட்டி வைக்காது பக்கவாட்டில் விலக்கிப் பிடித்தல் நன்று. பொருளை நெருங்கி எடுப்பின் இடைப்பட்ட நீர் குறைந்து, நிறக்கேடும் சிதறலும் ஒருங்கே குறையும்.

ஒளிவிலகலை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம். கிண்ணத்தில் காசொன்றை இட்டு, விளிம்பால் அது மறையும்வரை மாணவரைப் பின்னே நகரச் செய்க. பின்னர் நீர் வார்த்தால், மறைந்த காசு மீண்டும் தென்படும். காசு இடம் மாறவில்லை. ஒளியின் வழியே மாறியது. களப்பணியாளர் நினைவிற்கொள்ள வேண்டியதும் இதுவே.