உதிர்ந்த கூந்தல் மீண்டும் வளரும்

திருமலையில் முடி காணிக்கை செலுத்தித் திரும்புவோர் நாயுடுபேட்டை வழியே நாள்தோறும் செல்கின்றனர். மழித்த தலை அங்கு எவருக்கும் வியப்பன்று. எனினும், புற்றுநோய்ச் சிகிச்சையால் புருவமும் இமைமயிரும் உதிர்ந்த பெண்ணை ஊரார் இனங்கண்டு கொள்கின்றனர். இதற்கு அஞ்சிச் சிகிச்சையையே தள்ளிப்போடுவது உயிருக்கு ஆபத்து.

புற்றுநோய் மருந்துகளுள் பல, விரைந்து பிளவுறும் உயிரணுக்களைத் தாக்குவன. தலைமுடியில் ஏறத்தாழ 90 சதவீதம் எப்போதும் வளர்ச்சி நிலையில் இருப்பதால், முடி வேர்களும் தாக்குண்கின்றன. 2 முதல் 4 வாரங்களில் முடி உதிரத் தொடங்குகிறது. ஆயினும் வேர்கள் பெரும்பாலும் அழிவதில்லை. சிகிச்சை முடிந்த சில மாதங்களுக்குள் புதுமுடி அரும்பி, மாதந்தோறும் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். தொடக்கத்தில் சுருண்டோ நிறம் மாறியோ இருக்கலாம். அதுவரை வெயிலில் பருத்தித் துணியால் தலையை மூடிக்கொள்வது நலம். சாயம் பூசுவதைச் சில மாதங்கள் ஒத்திவைக்கலாம்.