அடுத்த தேதி இல்லாத காலிபரேஷன்

அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளில் மைக்ரோமீட்டர் பெட்டியின் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்: காலிபரேஷன் செய்த தேதி, அடுத்து செய்யவேண்டிய தேதி. அளவு உறுதியாகத் தெரிந்த ஸ்லிப் கேஜை வைத்து, கருவி எவ்வளவு கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். காலிபரேஷன் என்பது அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் மறுபடியும் லேபுக்கு அனுப்பலாம்.

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆஸ்ட்ரோசாட்டுக்கு அந்த வசதி இல்லை. 650 கி.மீ. உயரத்துக்குப் போய்விட்டதை யார் இறக்கிக்கொண்டு வருவது? அதில் இருக்கும் சி.இசட்.டி.ஐ. என்ற எக்ஸ்-ரே கருவியைப் பார்ப்போம்.

காட்மியம், துத்தநாகம், டெல்லூரியம் கலந்த படிகங்கள்தான் அதன் கண். மொத்தம் 64 துண்டுகள், ஒவ்வொன்றிலும் 256 பிக்சல்கள். ஓர் எக்ஸ்-ரே ஃபோட்டான் வந்து விழுந்தால் கருவி வெறும் ஓர் எண்ணைத்தான் தரும். அந்த எண் எவ்வளவு ஆற்றலைக் குறிக்கிறது என்பது பிக்சலுக்குப் பிக்சல் மாறும். வெப்பநிலை மாறினாலும் மாறும். ஆக, 16,384 பிக்சல்களுக்கும் தனித்தனியாகக் கணக்கு போடணும்.

இங்கே ஸ்லிப் கேஜ் வேலையைச் செய்வது கதிரியக்கத் தனிமங்கள். அமெரீசியம்-241 வெளிவிடும் ஒரு காமா கதிரின் ஆற்றல் 59.54 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அணுக்கருவின் குணம் என்பதால் ஆவடியில் வைத்தாலும் விண்வெளியில் வைத்தாலும் அது மாறாது. அதனால்தான் கருவிக்குள்ளேயே கொஞ்சம் அமெரீசியத்தை வைத்து அனுப்பினார்கள். மேலே போனபிறகு ஆற்றல் அளவு நகர்ந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் அப்படிச் சரிபார்க்க முடியாது. போலரைசேஷனை (பள்ளிப் புத்தகத்தில் தளவிளைவு) எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபோட்டான் ஒரு பிக்சலில் மோதி, பக்கத்துப் பிக்சலுக்குச் சிதறும். கதிர்களின் அதிர்வு ஒரே திசையில் இருந்தால், அதற்குச் செங்குத்தான பக்கம் அதிகம் சிதறும். எந்தப் பக்கம் எத்தனை போயின என்று எண்ணினால் போதும்.

சிக்கல் என்னவென்றால், பிக்சல் சதுரமானது. பக்கவாட்டுப் பிக்சலோடு அதற்கு ஒரு முழு விளிம்பு பொது. மூலைப் பிக்சலோடு ஒரு புள்ளிதான். அதனால் போலரைசேஷனே இல்லாத கதிர் வந்தாலும் எண்ணிக்கை சமமாக வராது. கருவியே ஒரு பொய்யைச் சொல்லும். அந்தப் பொய்யின் அளவு தெரியாமல் நட்சத்திரத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. இந்த ஆற்றலில் 'இதுதான் சரியான அளவு' என்று ஒப்பிட வானத்தில் எதுவும் இல்லை. அதனால் ஏவுவதற்கு முன்பே, போலரைசேஷன் உள்ள கதிரையும் இல்லாத கதிரையும் லேபில் மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்தார்கள்.

2017இல் அதன் பலன் தெரிந்தது. நொடிக்கு சுமார் 30 முறை சுழலும் நண்டு பல்சாரின் துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் போலரைசேஷன் மாறுகிறது என்று சி.இசட்.டி.ஐ. குழு அறிவித்தது. கோட்பாடுகள் எதிர்பார்க்காத முடிவு இது. இப்படி ஒன்றைச் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "உங்க கருவி சரியா இருக்கா?" என்பதுதான். அதற்கான பதிலைத் தரையில் இருக்கும்போதே தயார் செய்து வைத்திருந்தார்கள்.